தேறியவர் எத்தனை? சேர்ந்தவர் எத்தனை?

ஒரு வட்டாரத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளையும் மேல்நிலைப் பள்ளிகளையும் எதைக் கொண்டு ஒப்பிடுவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

மே மாதத்தில் ஒரு காலைப் பொழுது அரசுத் தேர்வுகள் இயக்ககம் பத்தாம் வகுப்பு முடிவை வெளியிடுகிறது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் தொலைக்காட்சியில் மாவட்டப் பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, நம்முடையது சென்ற ஆண்டைவிட ஏறியதா, இறங்கியதா என்பதே அன்றைய பேச்சு. அதே நேரத்தில் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையில் வேறொரு பட்டியல் தயாராகும். தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், விழுக்காடு, சென்ற ஆண்டு விழுக்காடு, கூடுதல் அல்லது குறைவு என்று ஐந்து கட்டங்கள். பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவதா வேண்டாமா என்பதையும், அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்காருவாரா என்பதையும் அந்த ஐந்து கட்டங்களே முடிவு செய்கின்றன.

மாநில அளவில் முதல் மூன்று இடம் பிடித்த மாணவரின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017-இல் கைவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சில பிள்ளைகளைத் தோளில் தூக்கி, மற்ற லட்சக்கணக்கானோரைத் தாழ்வு மனத்தில் தள்ளும் வழக்கம் அதோடு நின்றது. நல்ல முடிவு. ஆனால் பிள்ளைகளுக்கு இடையே நின்ற ஓட்டம் மாவட்டங்களுக்கு இடையிலும் பள்ளிகளுக்கு இடையிலும் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று இவ்வுரை கேட்கவும் இல்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. ஒப்பிடாமல் குறை தெரியாது, நிறையும் தெரியாது. எந்த எண்ணை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

ஏறிய விழுக்காடும் குறைந்த எண்ணிக்கையும்

2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 8,94,264 பேர். தேறியவர்கள் 8,18,743 பேர். தேர்ச்சி 91.55 விழுக்காடு. மறு ஆண்டு, 2025-இல், எழுதியவர்கள் 8,71,239 பேர். தேறியவர்கள் 8,17,261 பேர். தேர்ச்சி 93.80 விழுக்காடு.

விழுக்காடு இரண்டே கால் புள்ளி ஏறியது. நாளிதழ்கள் அதைத்தான் தலைப்பில் போட்டன. தேறிய பிள்ளைகளின் தலையை எண்ணினால் முந்தைய ஆண்டைவிட 1,482 பேர் குறைவு. தேர்வு எழுத வந்தவர்களே 23 ஆயிரம் பேர் குறைந்துவிட்டார்கள்.

இதில் சூழ்ச்சி இருக்கிறது என்று சொல்ல இந்த எண்கள் போதா. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளே குறைகிறார்கள். மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறுவோரும் உண்டு. ஆனால் குறைந்த அந்த 23 ஆயிரத்தில் பிறக்காத பிள்ளைகள் எத்தனை, வேறு பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை, படிப்பையே விட்டவர்கள் எத்தனை என்று தேர்ச்சி விழுக்காடு ஒருநாளும் சொல்லாது. அது தேர்வு அறைக்குள் வந்து உட்கார்ந்தவர்களை மட்டுமே அறியும். வாசலுக்கு வெளியே நின்றுவிட்ட பிள்ளை அதன் கணக்கில் பிறக்கவே இல்லை.

2023 மார்ச் 13 அன்று இது ஊரறிய வெளிப்பட்டது. அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. பதிவு செய்திருந்தவர்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. சட்டமன்றம் வரை பேசப்பட்ட செய்தி அது. கொரோனாக் காலத்தில், 2021-இல், பத்தாம் வகுப்பைத் தேர்வு இல்லாமல் கடந்து வந்த பிள்ளைகள் அவர்கள். பலர் பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள்; பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. மே மாதம் முடிவு வந்தபோது தேர்ச்சி 94.03 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. வராதவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்திருந்தால் அது 90-க்குக் கீழே இறங்கியிருக்கும்.

நட்ட நாற்றை மறந்துவிட்டு, களத்துக்கு வந்த கட்டை மட்டும் எண்ணி விளைச்சல் சொல்லும் உழவர் எவரும் இல்லை. பள்ளிக் கணக்கில் மட்டும் அதைத்தான் ஆண்டாண்டாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து எண்ணினால்

மாற்றுக் கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஆண்டின் பிள்ளைகளை அப்படியே பின்தொடர்ந்து போவது. 2022-இல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 9,12,620 பேர். அவர்கள் இரண்டு ஆண்டு கழித்து, 2024-இல், பிளஸ் டூ எழுத வேண்டும். அந்த ஆண்டு எழுதியவர்கள் 7,60,606 பேர். தேறியவர்கள் 7,19,196 பேர். செய்தியில் வந்த தேர்ச்சி 94.56 விழுக்காடு. பத்தாம் வகுப்பு எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் பிளஸ் டூவைத் தாண்டினார்கள் என்று பார்த்தால் ஏறத்தாழ 79.

அடுத்த அணியையும் பார்க்கலாம். 2023-இல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 9,14,320 பேர். 2025-இல் பிளஸ் டூ தேறியவர்கள் 7,53,142 பேர். நூற்றுக்கு 82. முந்தைய அணியைவிட மூன்று பேர் கூடுதல். இது உண்மையான முன்னேற்றம். இதே இரண்டு ஆண்டுகளில் தேர்ச்சி விழுக்காடு 94.56-இலிருந்து 95.03-க்கு, அரைப் புள்ளிதான் நகர்ந்தது. வழக்கமான கணக்கு, நடந்த குறையை மறைப்பதுபோலவே நடந்த நன்மையையும் மறைத்துவிடுகிறது.

இந்த 79-க்கும் 82-க்கும் வெளியே நின்ற எல்லாரும் படிப்பை விட்டவர்கள் என்று கொள்ளக் கூடாது. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள், பாலிடெக்னிக் போனவர்கள் இருப்பார்கள், வெளி மாநிலம் போனவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்து எண்ணுவது இன்று கடினமான வேலை இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் எமிஸ் எனப்படும் தனி அடையாள எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் எண் மாறாது.

நாமினல் ரோல் போகும் முன்

பொதுத் தேர்வுக்கு முன்பு பள்ளியிலிருந்து தேர்வு எழுதுவோர் பட்டியல் போகும். ஆசிரியர்கள் அதை நாமினல் ரோல் என்பார்கள். ஒரு பள்ளியின் மனசாட்சியைப் பார்க்க வேண்டுமானால் மே மாதத்துத் தேர்ச்சிப் பட்டியலைவிட அந்த நாமினல் ரோலையும், முந்தைய ஆண்டின் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்குப் பாதுகாப்புத் தந்தது. அதைத் தாண்டி ஒன்பதில் கால் வைத்தவுடன் அந்தக் குடை மடங்கிவிடுகிறது. நூறு விழுக்காடு காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் பள்ளிக்கு அப்போது இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, பின்தங்கும் பிள்ளையை மாலையிலும் சனிக்கிழமையிலும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. மற்றொன்று, பெற்றோரை வரவழைத்து, "உங்க பையனுக்குப் படிப்பு வராதுங்க, டி.சி. வாங்கிட்டுப் போய் வேற எங்கயாவது சேத்துடுங்க, இல்லேன்னா பிரைவேட்டா எழுதட்டும்" என்று சொல்வது. முதல் வழிக்கு ஓர் ஆண்டு உழைப்பு வேண்டும். இரண்டாவது வழிக்குப் பத்து நிமிடம் போதும். மே மாதத்துப் பட்டியலில் இரண்டுக்கும் கிடைப்பது ஒரே மதிப்பெண்.

அந்தப் பிள்ளை எங்கே போவான்? பெரும்பாலும் பக்கத்து அரசுப் பள்ளிக்குத்தான். அரசுப் பள்ளி யாரையும் மறுக்க முடியாது; மறுக்கவும் கூடாது. ஒருவர் கழித்துவிட்ட பிள்ளையை மற்றவர் சேர்த்துக்கொள்கிறார். கழித்தவர் வாசலில் ஃப்ளெக்ஸ், சேர்த்துக்கொண்டவருக்கு விளக்கக் கடிதம். இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு எந்த ஆசிரியரால் உற்சாகமாக வேலை செய்ய முடியும்?

இத்தனை சுமையோடும் அரசுப் பள்ளிகள் நகர்ந்திருக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும். 2024-இல் பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 87.90, தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 97.43. இடைவெளி ஒன்பதரைப் புள்ளி. 2025-இல் அரசுப் பள்ளிகள் 91.26, தனியார் 97.99. இடைவெளி ஏழுக்கும் குறைவு. நூறு விழுக்காடு பெற்ற அரசுப் பள்ளிகள் 1,364-இலிருந்து 1,867 ஆயின.

புறப்பட்ட இடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.34 விழுக்காடு. மாநில அளவு 80.09. கன்னியாகுமரி 91.75 என்று உச்சத்தில் இருந்தது. அன்று தாயும் தகப்பனுமாக இருந்தவர்களின் பிள்ளைகள்தாம் அண்மை ஆண்டுகளில் பொதுத் தேர்வு எழுதினார்கள். 2024-இல் பத்தாம் வகுப்பில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது அரியலூர், 97.31 விழுக்காடு. 2025-இல் பிளஸ் டூவிலும் முதலிடம் அரியலூர், 98.82 விழுக்காடு. கன்னியாகுமரியும் அந்த ஆண்டு 97.01 பெற்று முன்வரிசையில் நின்றது.

இரண்டும் பெருமைக்குரிய எண்களே. ஆனால் ஒன்றல்ல. கன்னியாகுமரியில் பிள்ளை வீட்டுக்குப் போனால் பாடம் சொல்லித் தரவோ, குறைந்தது நோட்டைப் புரட்டிப் பார்க்கவோ ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். அரியலூரில் மானாவாரிக் காட்டிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வேலை முடித்து வரும் வீடுகள் பல. அங்கே பாடம் சொல்லும் வேலை ஏறக்குறைய முழுக்கப் பள்ளியின் தலையில் விழுகிறது. குடும்பம் கொடுத்த கல்வியைக் கழித்துவிட்டுப் பள்ளி கொடுத்ததை மட்டும் அளக்க முடிந்தால் அரியலூர் ஆசிரியர்களின் உழைப்பு இன்னும் உயரமாகத் தெரியும்.

பட்டியலின் அடிவரிசையையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். வேலூர் மாவட்டம் பத்தாம் வகுப்பில் 2024-இல் 82.07 விழுக்காட்டோடு கடைசி இடம். 2025-இல் 85.44, அப்போதும் கடைசி. செய்தி அதோடு முடிந்துவிட்டது. மாநிலம் 2.25 புள்ளி ஏறிய ஆண்டில் வேலூர் 3.37 புள்ளி ஏறியது என்பதை யாரும் சொல்லவில்லை. அதே இரண்டு ஆண்டுகளில் 97.02-இலிருந்து 98.31-க்குப் போய் முதலிடம் பிடித்த சிவகங்கையின் ஏற்றம் 1.29. உச்சியை நெருங்கியவர்களுக்கு ஏற இடம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் ஆண்டில் இவ்வளவு நகர்த்திய வேலூர் ஆசிரியர்களுக்கு "மீண்டும் கடைசி" என்ற இரண்டு சொல் மட்டுமே பரிசு என்பது முறையில்லை.

குடும்பப் பின்னணிக்கு இருக்கும் வலிமை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1966-இல் வெளியிட்ட அறிக்கை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, பிள்ளையின் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்பு உடையது பள்ளியின் கட்டடமும் செலவும் அல்ல, வீட்டுச் சூழலே என்று சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகள் பட்டியலாக வெளிவந்தன. தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைகளை மட்டும் பிடித்துத் தூக்கிவிட்டால் பள்ளியின் இடம் உயரும் என்று பள்ளிகள் விரைவிலேயே கற்றுக்கொண்டன. வேல்ஸ் 2001-இல் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. இங்கிலாந்து நிறுத்தவில்லை; கணக்கை மாற்றியது. 2016 முதல் பதினொரு வயதில் பிள்ளை இருந்த நிலைக்கும் பதினாறு வயதில் எட்டிய நிலைக்கும் உள்ள தூரம் அளக்கப்பட்டுவந்தது. அதே நிலையில் தொடங்கிய மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் பள்ளிக்கு மதிப்பு தரப்பட்டது. பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து கழற்றிவிடும் பழக்கம் அங்கேயும் ஒழிந்துவிடவில்லை. ஆய்வாளர்கள் அதைக் குற்றமாகவே எடுத்துப் பேசுகிறார்கள். வகுக்கும் எண்ணைக் காக்காமல் எந்தக் கணக்கும் நிற்காது என்பதற்கு இங்கிலாந்து நல்ல சாட்சி.

ஊருக்குள் ஒப்பிடும்போது

மாநிலத்தை விட்டு ஓர் ஒன்றியத்துக்குள் வருவோம். இங்கே ஒப்பீடு இன்னும் கவனமாக நடக்க வேண்டும், ஏனென்றால் எண்கள் சிறியவை.

ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 20 பிள்ளைகள் என்று கொள்வோம். ஒருவர் கணக்குப் பாடத்தில் 35-க்கு இரண்டு மதிப்பெண் குறைந்தால் தேர்ச்சி 95. இருவர் என்றால் 90. அம்மை போட்டு ஒரு பிள்ளை, தகப்பன் இறந்து ஒரு பிள்ளை என்று ஒரு பருவத்தில் இரண்டு வீட்டில் நடந்த துயரம், ஒன்றியத்தில் முதலிடத்தில் இருந்த பள்ளியைக் கீழே இறக்கிவிடும். நகரத்தில் 300 பேர் எழுதும் பள்ளியில் 95 விழுக்காடு என்றால் 15 பேர் தவறியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதி, முன்னது சரிந்தது, பின்னது நிலைத்தது என்று சொல்வது எண்ணுக்குச் செய்யும் துரோகம். சிறு பள்ளியை மூன்று ஆண்டுச் சராசரி கொண்டுதான் பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒரு தெருவிலும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி அடுத்த தெருவிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியரைக் குறை சொல்வது எளிது. 2024-இல் மாநிலம் முழுவதும் பத்தாம் வகுப்பில் மாணவியர் தேர்ச்சி 94.53, மாணவர் தேர்ச்சி 88.58. ஏறத்தாழ ஆறு புள்ளி இடைவெளி மாநில அளவிலேயே இருக்கிறது. பட்டறைக்கும் மெக்கானிக் கடைக்கும் கட்டட வேலைக்கும் பையனை இழுக்கும் கூலி, அந்தப் பள்ளியின் சுவருக்கு வெளியே இருப்பது. ஆண்கள் பள்ளியை வேறோர் ஆண்கள் பள்ளியோடு ஒப்பிட வேண்டும்.

மலைப்பகுதிகளின் கதை வேறு. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. பிழைப்புக்காகப் பெற்றோர் மாதக்கணக்கில் வெளியூர் போகும்போது பிள்ளையும் கூடப் போகிறது, அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிறது. 2024-இல் பிளஸ் டூவில் திருவண்ணாமலை மாவட்டம் 90.47 விழுக்காட்டோடு கடைசி இடத்தில் நின்றதைப் பேசும்போது, மலையில் பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், விடுதியில் எத்தனை இடம், கணக்கு ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியையும் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கும் பள்ளியையும் ஒப்பிட்டால், தேர்வுக்கு உட்படுவது பள்ளி அல்ல, அரசு.

நல்ல பள்ளியை ஊர் உண்டாக்க முடியும் என்பதற்கு விருதுநகர் சான்று. அங்கே வணிகர்கள் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளிகளை நடத்தினார்கள்; வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். பிற்காலத்தில் பொதுத் தேர்வுகளில் அந்த மாவட்டம் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றதற்குப் பின்னால், பள்ளி தங்களுடையது என்று ஓர் ஊரே நினைத்த அந்த நீண்ட பழக்கம் இருக்கிறது. 2023-இலும் பிளஸ் டூவில் 97.85 விழுக்காட்டோடு விருதுநகர்தான் முதலிடம்.

செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் பற்றி அந்தக் கூட்டங்களில் பேசப்படுகிறது. அவை தேவைதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் இன்று வராதவர் யார் என்று எத்தனை கூட்டத்தில் கேட்கப்படுகிறது? வராத பிள்ளையின் வீடு எது என்று ஆசிரியரைவிட அந்தத் தெருவில் குடியிருக்கும் உறுப்பினருக்கு நன்றாகத் தெரியும். சென்ற ஆண்டு தவறியவர் துணைத் தேர்வு எழுதினாரா, பிளஸ் டூ முடித்த பெண் கல்லூரியில் சேர்ந்தாளா, புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறதா என்பதும் ஒரு பள்ளியின் தரத்தைச் சொல்லும் கேள்விகளே.

கல்வித் துறையிடம் இந்த மேடையிலிருந்து வைக்கும் வேண்டுகோள் ஒன்று. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், மாவட்டம்தோறும் பள்ளிதோறும், தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் வெளிவர வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் இன்று பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்ற எண் அது. மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் போனவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்பதும் அதில் தெரிய வேண்டும். அதற்கான தரவு துறையின் கையிலேயே இருக்கிறது.

பத்திரிகை நண்பர்கள் முதலிடத்தையும் கடைசி இடத்தையும் எழுதும் அதே பக்கத்தில் எந்த மாவட்டம் அதிகம் ஏறியது என்பதையும் எழுதட்டும். தலைமையாசிரியர்கள் அறிவிப்புப் பலகையில் மூன்று எண்களை எழுதி வைக்கட்டும்: சேர்ந்தவர், எழுதியவர், தேறியவர். பெற்றோர்களே, வரும் ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க எந்தப் பள்ளிக்குப் போனாலும், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, சென்ட்டம் எத்தனை என்று கேட்கும் முன்பு அந்த முதல் எண்ணைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்காத பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.